வாயில்லா ஜீவன்

நாய் வளர்ப்பவர்களுக்குத் தங்கள் நாயின் குரைப்பு காதில் விழுவதே இல்லை. எதிர் வீட்டு நாய் குரைத்தால் அது உபத்திரவம். நம் வீட்டு நாய் குரைத்தால் அது காவல். இந்தச் செவிட்டுத்தனத்தில் நானும் இரண்டரை வருஷம் சுகமாக இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து கை கூப்பி நின்ற பிறகுதான் என் காது திறந்தது.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மணி. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் நாட்டு நாய்களில் பேர்போன வம்சங்கள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலைகூட வெளியிட்டார்கள். மணியின் வம்சத்துக்கு அந்தக் கீர்த்தி ஒன்றும் கிடையாது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததல்லவா? அப்போது மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த குட்டி அது. தண்ணீர் வடிந்தது, குட்டி போகவில்லை. "வாயில்லா ஜீவன், எங்கேடா போகும்?" என்று கேட்டு அம்மா ஒரு தட்டில் பால் சோறு பிசைந்து வைத்தாள். அத்துடன் விசாரணை முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது.

வாயில்லா ஜீவனாம்! அந்த ஜீவனுக்கு வாயைத் தவிர வேறொன்றும் இல்லையோ என்று ஆறு மாதத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெருவில் கீரைக்காரி போனால் குரைக்கும். தபால்காரர் வந்தால் குரைக்கும். பொட்டலம் கொண்டுவரும் பையன்கள் இந்தக் காலத்தில் மணிக்கு ஒருவராக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கச்சேரி. வாசல் மணி அடித்தால் மணி குரைக்கும். மணி குரைத்தால் நான் கத்துவேன். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதுகிறவன். கதாநாயகி கண்ணீருடன் விடைபெறும் கட்டத்தில் வாசலில் 'லொள், லொள்' என்று கேட்டால் எந்த எழுத்தாளனுக்குப் பொறுக்கும்? இருந்த இடத்திலிருந்தே, "டேய் மணி! சும்மா இருக்கப் போறியா இல்லையா?" என்று ஒரு கர்ஜனை. அது என்னைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு முன்னிலும் உற்சாகமாகக் குரைக்கும்.

2018 ஆகஸ்டில் ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவருடைய மனைவிக்கு அந்த ஜூன் மாதம் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஸார், தப்பா நினைக்கக் கூடாது. அவளுக்கு இப்போ தூக்கம்தான் மருந்துன்னு டாக்டர் சொல்றார். சத்தம் கேட்கிறபோதெல்லாம் தூக்கிப்போட்டாற்போல முழிச்சுக்கறா. பயந்துட்டேன்னு சொல்லக்கூட அவளால முடியலே. ஏதாவது செய்ய முடியுமான்னு கேட்கத்தான் வந்தேன்" என்றார். சொல்லிவிட்டுக் கை கூப்பினார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அந்த வித்தை எனக்குத் தெரியும். கூப்பிய கைக்கு என்ன பதில் சொல்வது?

அன்று இரவு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது வந்திருந்த நண்பர் ஒருவர் சுலபமாக வழி சொன்னார்: "காரில் ஏற்றுங்கள். செங்கல்பட்டைத் தாண்டி எங்கேயாவது இறக்கிவிட்டு வந்துவிடுங்கள். நாய்க்கு என்ன, பிழைத்துக்கொள்ளும்." கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியை விட்டுவிட்டு வருவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம், மாமா" என்றாள். நண்பர் அசடு வழிந்தார். நான் சிரித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்பவும் கட்டியே வச்சிருக்கிற நாயை வெளியே கூட்டிப் போகாம இருக்கிறதும் அதே சட்டப்படி குற்றந்தான், அப்பா" என்றாள். என் சிரிப்பு அடங்கிவிட்டது. மணி நாளில் இருபது மணி நேரம் வாசல் தூணில் கட்டிக்கிடந்தது.

மறுநாள் கடையில் விசாரித்தேன். கழுத்தில் மாட்டும் ஒரு பட்டை இருக்கிறதாம். நாய் குரைத்தால் மின்சார அதிர்ச்சி கொடுக்குமாம். வாங்கலாமா என்று யோசித்தபோதும் மகள்தான் தடுத்தாள். வேல்ஸ் நாட்டில் இதை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள் என்றாள். அதைவிட அவள் சொன்ன காரணம் எனக்கு உறைத்தது. தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும்போது கழுத்தில் வலித்தால், குரைத்ததால் வலித்தது என்று நாய் நினைக்கும் என்று என்ன நிச்சயம்? தபால்காரர் வந்ததால் வலித்தது என்றும் நினைக்கலாம். அப்புறம் அவரைக் கண்டாலே ஆகாது. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நாம் சொல்கிறோம். அது முழுக்கச் சரியல்ல. குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் குரைப்பு என்பது 'கிட்டே வராதே' என்ற முன்னறிவிப்பு. அடித்து அதை அடக்கிவிட்டால், அறிவிப்பு இல்லாமலே கடிக்கிற நாயை நாமே உண்டாக்கிவிடலாம்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மகள் இரண்டு மாதம் தவணை கேட்டாள். அதற்குள் சத்தம் அடங்காவிட்டால், கிராமத்தில் உறவினர் ஒருவருடைய தென்னந்தோப்புக்கு மணியை அனுப்பிவிடுவது. அம்மா இதைக் கேட்டு உள்ளே போய்விட்டாள். மணி மேஜைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் காரியமாக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மணியைக் கொண்டுபோனோம். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி அது. காது வலி, மூட்டு வலி மாதிரி ஏதாவது இருந்தால் நாய் ஓயாமல் குரைக்கலாம். அதைப் பார்க்காமல் பாடம் நடத்துவது அநியாயம் அல்லவா? மணிக்கு ஒரு நோயும் இல்லை. தொண்டையும் நன்றாக இருந்தது; அதைக் காட்டவும் செய்தது.

இரண்டாவதாக மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். குரைத்த நேரம், எதைக் கண்டு குரைத்தது, எவ்வளவு நேரம் குரைத்தது, அதன் பிறகு என்ன நடந்தது என்று நான்கு கட்டங்கள். வீட்டில் யார் இருந்தாலும் எழுத வேண்டும். முதல் நாள் கணக்கு 41 தடவை. ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துப் படித்தேன். வாழ்க்கையில் என் எழுத்துக்கு எத்தனையோ விமரிசனம் பார்த்திருக்கிறேன். அந்த நான்காவது கட்டத்தைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

'அப்பா கத்தினார். மணி இன்னும் குரைத்தது.' 'அப்பா கத்தினார்.' 'அப்பா எழுந்து வந்து கத்தினார்.' 'தபால்காரர் போய்விட்டார்.' 'பாட்டி இட்லி கொடுத்தாள். நிறுத்தியது.' 'அப்பா கத்தினார்.'

இந்த நான்காவது கட்டத்தில்தான் சூட்சுமம் எல்லாம் இருந்தது. நாய் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றால், அதனால் அதற்கு ஏதோ லாபம் கிடைக்கிறது என்று அர்த்தம். தபால்காரர் வருகிறார், மணி குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போகிறார் என்பது நமக்குத் தெரியும். மணிக்குத் தெரிந்தது, 'நான் விரட்டினேன், ஓடிவிட்டான்' என்பதுதான். தினந்தோறும் ஒரு யுத்தம், தினந்தோறும் ஒரு வெற்றி! அப்படி ஜயிக்கிறவனை யாரால் நிறுத்த முடியும்? அம்மாவின் சமாசாரம் வேறு. சமையலறை வாசலில் நின்று குரைத்தால் இட்லி வரும் என்பதை மணி கண்டுபிடித்துவிட்டது. அதாவது, குரைப்புக்கு அம்மா கூலி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியதோ எல்லாவற்றிலும் மோசம். நான் சொல்லும் வார்த்தை அதற்குப் புரியாது, தொனிதான் புரியும். அதன் நினைப்பில் நானும் கூடச் சேர்ந்து குரைத்துக்கொண்டிருந்தேன்! எஜமானரே பின்பாட்டுப் பாடுகிறார் என்றால் கச்சேரி களைகட்டாமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டில் படுத்திருந்த அந்த அம்மாளுக்கு நாயின் சத்தத்தோடு என்னுடைய சத்தமும் கேட்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பெரியவர், 'நாய் சத்தம்' என்று சொல்லவில்லை. 'சத்தம்' என்றுதான் சொன்னார். மரியாதை தெரிந்தவர்.

குரைப்பு எல்லாம் ஒன்றல்ல என்பதும் நோட்டிலிருந்து தெரிந்தது. அன்னியரைக் கண்டால் ஒரு விதம். வேண்டியதைக் கேட்க ஒரு விதம். தனியாக விட்டுப் போனால் வேறு விதம். 2005-இல் ஹங்கேரி தேசத்து ஆராய்ச்சியாளர்கள் நாய்க் குரைப்புகளைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் குரைத்தது என்பதைக் கேட்டவர்கள் ஓரளவு சரியாகவே சொல்லிவிட்டார்களாம். நாய்க்கு மூதாதையான ஓநாய் வளர்ந்த பிறகு அபூர்வமாகத்தான் குரைக்கிறது. நம்மோடு வாழ வந்த நாய்தான் ஓயாமல் குரைக்கிறது. நமக்காகவே கற்றுக்கொண்ட பாஷையோ என்னவோ! அதை அடியோடு ஒழிக்க முயல்வது பாவம். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுக்கலாம்.

இனிப் பாடம். காலையில் முக்கால் மணி, மாலையில் அரை மணி மணியுடன் நான் நடக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. டாக்டர் எனக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார், நான் கேட்கவில்லை. நாய்க்காகக் கேட்டேன். ஒவ்வொரு கம்பத்தையும் அது மோந்து பார்க்கும்வரை காத்து நிற்பேன். அலுத்துக் களைத்து வந்த நாய்க்குத் தெருவில் போகிறவர்கள் மேல் அக்கறை குறைந்துவிட்டது. வாசல் கம்பிக் கதவில் மூங்கில் தட்டி வைத்து மறைத்தோம். பார்த்தால்தானே விரட்ட வேண்டும்? இந்த இரண்டிலுமே 41 என்பது 20-க்கு அருகில் வந்துவிட்டது.

பிறகு வாசல் மணி. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைக் கேட்டுப் பழகிய நாய், பிறகு சத்தம் கேட்ட உடனே எச்சில் ஊறுகிறது என்று காட்டியவரும் அவரே. எங்கள் வீட்டில் மணிச் சத்தத்துக்கு நாய் குரைக்கப் பழகியிருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்து வேறு முடிச்சுப் போட வேண்டும். மகள் வெளியே போய் மணியை ஒரு தரம் அடிப்பாள். யாரும் வரமாட்டார்கள். என் மனைவி மூலையில் விரித்த கோணிச் சாக்கில் ஒரு தேங்காய்ச் சில்லைப் போடுவாள். மறுபடி மணி, மறுபடி சில்லு. ஒரு வேளைக்கு இருபது தடவை. முதல் வாரம் மணிக்கு மூளை குழம்பியது. இரண்டாவது வாரம் வாசல் மணி அடித்ததும் அது கதவைப் பார்க்கவில்லை. கோணிச் சாக்குக்கு ஓடி உட்கார்ந்து என் மனைவியின் கையைப் பார்த்தது. (தேங்காய் என்று சொன்னதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுவிடாதீர்கள். திராட்சையும் சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம்.)

இவ்வளவுக்கும் நடுநாயகமான பாடம் 'போதும்' என்ற வார்த்தை. அது என் பங்கு. மணி குரைக்க ஆரம்பித்தால் இரண்டு மூன்று தடவை விட்டுவிட வேண்டும். அது அதன் உரிமை. பிறகு கிட்டே போய் மூக்கருகில் ஒரு துண்டு சப்பாத்தியைக் காட்ட வேண்டும். மோப்பம் பிடித்துக்கொண்டே குரைக்க நாயால் முடியாது. வாய் மூடும். அந்த க்ஷணத்தில், "போதும்" என்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். இரண்டு விநாடி மௌனம், பிறகு சப்பாத்தி. நாளாக ஆக இரண்டு விநாடியை ஐந்தாக்கி, பத்தாக்கி, அரை நிமிஷமாக்க வேண்டும். பிறகு சப்பாத்தியை மெதுவாகக் குறைத்து, அதன் இடத்தில் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்.

கேட்க எவ்வளவு சுலபம்! தாழ்ந்த குரலில் சொல்வதுதான் எனக்கு வரவில்லை. அறுபது வயதுக்கு மேல் தொண்டையை மாற்றிப் பிடிப்பது பாகவதர்களுக்கே கஷ்டம். "போதும்!" என்று நான் சொன்னால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் தகப்பனார் அப்படித்தான் பேசுவார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் நாங்கள் ஐந்து பேரும் வாயை மூடிக்கொள்வோம். அடங்கிவிட்டோம் என்று அவர் நினைத்தார். நாங்கள் பயந்திருந்தோம், அவ்வளவுதான். மகள் என் பக்கத்தில் நின்று, "அப்பா, மெதுவா. மணிக்கு நம்மைவிடக் காது கூர்மை. நமக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும், அதுக்கு நாற்பத்தைந்தாயிரம் வரை கேட்கும்" என்பாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்துச் சொல்கிறாளோ என்று நினைத்துக்கொள்வேன். கேட்கத் தைரியம் இல்லை.

அம்மா ஒருத்திதான் சட்ட மறுப்பு இயக்கம் நடத்தினாள். கேட்டுக் குரைத்தால் திரும்பியே பார்க்கக் கூடாது. சும்மா இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. கூலி நின்றதும் குரைப்பு குறையாது, முதலில் அதிகமாகும். இத்தனை நாள் கொடுத்தவள் காது கேட்காமல் போய்விட்டாளோ என்று நாய் இன்னும் உரக்கக் கேட்கிறது. அந்தச் சமயத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று. 'இவ்வளவு நேரம் குரைத்தால் கிடைக்கும்' என்று கற்றுக்கொண்டுவிடும். நாலாம் நாள் காலை மணி சமையலறை வாசலில் கால் மணி நேரம் குரைத்தது. அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பவில்லை. தென்னந்தோப்பு அவள் நினைவில் இருந்தது. ஆறாம் நாள் மணி வந்து பேசாமல் உட்கார்ந்தது. அம்மா அதற்கு இரண்டு இட்லி வைத்தாள்.

தோல்விகளும் உண்டு. பயத்துக்குப் பாடம் கிடையாது. அந்த வருஷத் தீபாவளிக்கு வெடி வெடிக்கக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் உள்ளறைக் கதவை மூடி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ரேடியோவைப் பாடவிட்டு, மணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். 'போதும்' என்று சொல்லவில்லை. பயப்படுகிறவனை நிறுத்தச் சொல்வதற்கு நாம் யார்?

இரண்டு மாதத் தவணை முடிந்த அன்று நோட்டில் இருந்த கணக்கு 6. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குரைப்பு, பிறகு 'போதும்'. தென்னந்தோப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு திருடனைக் கொண்டுவந்து, நள்ளிரவில் மணியைக் குரைக்கவிட்டு அவனைப் பிடித்துக் கொடுத்தால் கதை அமர்க்களமாக முடியும். நாவலாக இருந்தால் செய்திருப்பேன். ஆனால் திருடன் வரவில்லை. தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆனதும் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வந்தார். எனக்குப் பகீர் என்றது.

"ஸார், உங்க நாய்க்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"நன்றாகத்தானே இருக்கிறது! ஏன் ஸார்?"

"அவள் கேட்கிறா" என்று சொல்லி, இடது கை விரல்களைக் குவித்துத் திறந்து மூடிக் காட்டினார். "இப்படிச் செஞ்சு செஞ்சு உங்க வீட்டுப் பக்கம் காட்டறா. எனக்கே நேத்துதான் புரிஞ்சுது. அப்போ தூக்கம் வேண்டியிருந்தது. இப்போ பகலெல்லாம் முழிச்சுக் கிடக்கா. ஒரு குரலும் கேட்கலேன்னா நேரம் போக மாட்டேங்குது போல இருக்கு."

மணியை அழைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் தலையணையில் சாய்ந்திருந்தார். இடது கையை நீட்டி மணியின் நெற்றியைத் தொட்டார். பிறகு விரல்களைக் குவித்துத் திறந்து மூடினார். மணி அந்தக் கையையே உற்றுப் பார்த்தது. அதில் தேங்காய் இல்லை என்று கண்டதும் ஒரே ஒரு குரைப்புக் குரைத்தது. அந்தச் சிறிய அறையில் அது பெரிய சத்தம். பழக்கதோஷத்தில் 'போதும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கோணிய உதட்டோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசல்வரை வந்த பெரியவர் தயங்கினார். "சாயங்காலம் நாலு மணி வாக்கிலே ஒரு தடவை குரைக்கச் சொல்ல முடியுமா, ஸார்?" என்றார்.

சொல்லிக்கொடுத்தோம். 'பேசு' என்றால் குரைப்பது, 'போதும்' என்றால் நிறுத்துவது. இரண்டையும் சேர்த்துக் கற்ற நாய்க்குத்தான் நிறுத்துவதன் அர்த்தம் இன்னும் நன்றாகப் புரிகிறது என்று பழக்குகிறவர்கள் சொல்கிறார்கள். அது வாஸ்தவம். மூன்றே நாளில் மணி கற்றுக்கொண்டது. தினம் நாலு மணிக்கு மதில் ஓரம் கொண்டுபோய் நிறுத்தி, "பேசு" என்பேன். மூன்று தடவை குரைக்கும். மதிலுக்கு அந்தப் புறம் ஜன்னல் கம்பியில் ஒரு வளையல் கை தட்டும் சத்தம் கேட்கும்.

மணிக்கு இப்போது முகமெல்லாம் வெளுத்துவிட்டது. காதும் மந்தம். அதன் பாடம் என்றைக்கோ முடிந்துவிட்டது. தாழ்ந்த குரலில் பேசுகிற பாடம் மட்டும் இந்த வீட்டில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாணவன் கொஞ்சம் மந்தம். ஆனால் வாத்தியாரம்மாள் பொறுமைசாலி. போன வாரம் நான் யாருடனோ டெலிபோனில் இரைந்துகொண்டிருந்தபோது, என் மகள் ஒன்றும் பேசவில்லை. கிட்டே வந்து என் மூக்குக்கு நேராக ஒரு தேங்காய்ச் சில்லை நீட்டினாள்.